செடி வாடினால் உடனே சொம்பைத் தூக்காதீர்கள்

ரங்கூனில் கரண்ட் போனால் எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. மோட்டார் ஓடினால்தான் மேல்தொட்டி நிறையும். இல்லையென்றால் கீழே போய் வாளியில் பிடித்து, செங்குத்தான படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, லுங்கி நனைய மேலே கொண்டுவர வேண்டும். அப்படி ஒரு சித்திரை மத்தியானம் வாளியைப் பால்கனியில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்து வயிறெரிந்தேன். எங்கள் மாடிக்கும் மேலே கிளை விரித்து நிற்கிறது. மோட்டார் கிடையாது, படி ஏறும் ஆள் கிடையாது, ஆனால் உச்சியில் இருக்கிற தளிர் வரைக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது.

அது எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் தொட்டிச் செடிக்கு எப்போது ஊற்ற வேண்டும், எப்போது ஊற்றக் கூடாது, உரத்தை எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். எனக்கு இது தெரியாமல்தான் போன ஆடியில் ஒரு நல்ல மிளகாய்ச் செடியைக் கொன்றேன். பெயின்ட் வாளியில் வைத்திருந்தேன், கொத்துக் கொத்தாகக் காய்த்துக்கொண்டிருந்தது. மழை விடாமல் பத்து நாள் பெய்தது. செடி தலையைத் தொங்கப் போட்டது. தாகம் போலிருக்கிறது என்று ஒரு சொம்பு ஊற்றினேன், இன்னும் தொங்கியது, சத்துக் குறைவு போலிருக்கிறது என்று ஒரு கை யூரியாவும் போட்டேன். கீழ்வீட்டுப் பெரியம்மா மேலே வந்தவர் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, செடி தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டுத் தலையத் தொங்கப் போடுது, நீ இன்னும் ஊத்துறியே?" என்றார். நான் விடாமல், "நெல்லு நிக்கலையா பெரியம்மா தண்ணியில?" என்றேன். அவர் பெகு பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர். "நெல்லும் மிளகாயும் ஒண்ணாடா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாலாம் நாள் செடி போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகக் குழைந்து, சாக்கடை நாற்றம். வாளியின் அடியில் நான் போட்டிருந்த நாலு ஓட்டையையும் மண் அடைத்திருந்தது.

பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தேடியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, வாங்கும் வெள்ளைச் சாமந்தி ரங்கூனில் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். காம்போடு இரண்டு வாங்குங்கள். கேசரிப் பவுடர் மாதிரி தண்ணீரில் கரைகிற உணவுச் சாயம் கொஞ்சம், நீலமோ சிவப்போ, அரை டம்ளர் தண்ணீரில் நல்ல அடர்த்தியாகக் கலக்கிக்கொள்ளுங்கள். பீட்ரூட் சாற்றில் செய்து பார்த்தேன், சரிப்படவில்லை. காம்பின் அடியை ஒரு பேசின் தண்ணீருக்குள் முக்கி வைத்து, தண்ணீருக்கு அடியிலேயே கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். ஏன் தண்ணீருக்கு அடியில் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வெட்டிய கையோடு சாயத் தண்ணீரில் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்திலேயே இதழ் நுனியில் நிறம் தெரிய ஆரம்பிக்கும், மறுநாள் காலையில் நன்றாகவே ஏறியிருக்கும். இரண்டாவது பூவின் காம்பை நீளவாக்கில் பாதி வரை பிளந்து ஒரு பாதியை நீலத்திலும் மறு பாதியைச் சிவப்பிலும் வைத்தால் பூ இரண்டு நிறமாகப் பிரிந்து நிற்கும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான வேடிக்கை. ஒவ்வொரு குழாயும் மேலே அதனதன் பக்கத்துக்கே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

காசித்தும்பை கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் தண்டு கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு தண்டு எடுத்து ஒன்றின் இலைகளை முழுக்கக் கிள்ளிவிடுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஒரே சாயத்தில் வைத்து அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். இலையுள்ள தண்டில் நிறம் விறுவிறுவென்று ஏறும், மொட்டைத் தண்டில் மந்தமாக நகரும். இரண்டிலும் வேரே இல்லை என்பதைக் கவனியுங்கள். தண்டைக் குறுக்கே வெட்டினால் புள்ளி புள்ளியாகச் சாயம் தெரியும், அந்தப் புள்ளிகள்தான் பள்ளிக்கூடத்தில் படித்த சைலம், தண்ணீர் ஏறும் குழாய்கள்.

ஆக, தண்ணீரைக் கீழிருந்து யாரும் தள்ளவில்லை. மேலே இருக்கிற இலைதான் இழுக்கிறது.

இழுக்கிற வேலை எப்படி நடக்கிறது

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்தால்தான் செடிக்குச் சாப்பாடு, அதற்காகத் துளையைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே போய்விடும். வேர் எடுக்கும் தண்ணீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இப்படித்தான் காற்றில் போகிறது, செடி தனக்கென்று வைத்துக்கொள்வது கொஞ்சமே கொஞ்சம். சோறு வடிக்கக் கதவைத் திறந்து வைத்தால் வீட்டுக்குள் இருக்கும் குளிர்ச்சியும் போகிறதல்லவா, அந்தக் கதைதான்.

இலையின் உள்ளே ஒரு துளி ஆவியானதும் அந்த இடத்தை நிரப்ப அடுத்த துளி வருகிறது, அதன் பின்னால் இன்னொன்று. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை, அதனால் இலையிலிருந்து வேர் வரைக்கும் ஒரே கயிறு மாதிரி இழுபட்டு ஏறுகின்றன. 1894-ல் டப்ளினில் டிக்ஸன், ஜோலி என்ற இருவர் இந்த விளக்கத்தைச் சொன்னபோது, தண்ணீரைக் கயிறு மாதிரி இழுக்க முடியுமா என்று பலர் நம்பவில்லை. இன்றைக்கு வரைக்கும் நிற்கிற விளக்கம் அதுதான். நம் வீட்டு உறிஞ்சு பம்பு தரைக்கு மேலே வைத்தால் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது, காற்றழுத்தத்தின் எல்லை அவ்வளவுதான். கலிபோர்னியாவில் 115 மீட்டருக்கு மேல் வளர்ந்த ரெட்வுட் மரத்தின் உச்சியிலும் இலை பச்சையாக இருக்கிறது. உயிருள்ள பம்பு எதுவும் அந்த வழியில் இல்லை. சைலம் குழாய்கள் வேலை செய்யும்போது செத்துப்போன செல்கள், வெறும் கெட்டிச் சுவர்.

கயிறு என்றால் அறுந்துபோகவும் கூடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்தால் அந்தக் குழாயில் இழுவை நின்றுவிடும். பூவைத் தண்ணீருக்கு அடியில் வெட்டச் சொன்னது இதற்குத்தான். சந்தையில் வாங்கி வரும் கொத்துப் பூவையும் வீட்டுக்கு வந்து ஒரு அங்குலம் மறுபடி தண்ணீருக்குள் வெட்டி வையுங்கள், கூட இரண்டு நாள் நிற்கும்.

இலை இழுப்பதைச் செடியிலேயே பார்க்க, காய்ந்த பிளாஸ்டிக் பை ஒன்றைச் சின்னக் கிளையில் மாட்டி வாயை நூலால் கட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துவிடும். பார்த்ததும் கழற்றிவிட வேண்டும், வெயிலில் விட்டால் கிளை வெந்துபோகும். 1727 வாக்கில் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் தொட்டிச் சூரியகாந்தியைத் தினமும் தராசில் வைத்து, எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்று நிறுத்தே கண்டுபிடித்தார். நாமும் தராசு இல்லாமலே அதைச் செய்யலாம், கீழே வருகிறேன்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் மத்தியான வாட்டம். திங்யான் தண்ணீர்த் திருவிழா நடக்கும் சித்திரையில், தெருவில் எல்லாரும் நனைந்துகொண்டிருக்கும்போது, பால்கனியில் பூசணிக் கொடியும் கத்தரியும் 1 மணிக்குத் துவண்டு கிடக்கும். இலை இழுக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். மாலை 6 மணிக்குள் தானாக நிமிர்ந்துவிடும். நிமிரவில்லை, மறுநாள் விடியற்காலையிலும் அப்படியே தொங்குகிறது என்றால்தான் ஏதோ கோளாறு, அப்போதும் அது தண்ணீர்க் குறைவா அதிகமா என்பதை விரல்தான் சொல்லும். சித்திரை மத்தியானத்துக்கு நிழல் போடுவது தண்ணீர் ஊற்றுவதைவிடப் பலன் தரும். பழைய லுங்கியைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாலே போதும். வெயிலைப் போலவே காற்றும் இலையிலிருந்து ஈரத்தை இழுக்கும். எங்கள் மாடியில் வெயிலைவிடக் காற்றுதான் செடியை அதிகம் உலர்த்துகிறது.

வேருக்கு மூச்சு வேண்டும்

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம்.

வேர் முழுவதும் தண்ணீர் எடுப்பதில்லை. இளவேரின் நுனிக்குச் சற்று மேலே, வெள்ளைப் பஞ்சு மாதிரி வேர்த்தூவிகள் முளைத்திருக்கும் இடத்தில்தான் பெரும்பகுதி வேலை நடக்கிறது. ஒவ்வொரு தூவியும் ஒரு மில்லிமீட்டர் நீளம் இருந்தாலே அதிகம். ஆனால் எண்ணிக்கை பயங்கரம். 1937-ல் அமெரிக்காவில் டிட்மர் என்பவர் ஒரு பெட்டியில் நாலு மாதம் வளர்ந்த ரை என்ற தானியச் செடி ஒரே ஒன்றின் வேரை அளந்தார். மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர், அதாவது ரங்கூனிலிருந்து மாண்டலேக்கு ரயில் போகிற தூரம். வேர்த்தூவிகள் ஏறக்குறைய 1,400 கோடி. நாற்றைப் பிடுங்கி உதறி நடும்போது நாம் அறுத்துப் போடுவது இதைத்தான். அதனால் நாற்று மாற்றும்போது மண்ணோடு பெயர்த்து, மாலை நேரத்தில் நட்டு, நாலைந்து நாள் நிழலில் வையுங்கள். நடும்போது பெரிய இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டால் கொடுமை செய்கிற மாதிரி இருக்கும், ஆனால் இழுக்கிற வாய் குறையும், புதுத் தூவி வரும்வரை செடி தாங்கும்.

தண்ணீர் வேருக்குள் நுழைவது ஓரளவு தானாக நடக்கும். அதில் கரைந்திருக்கும் உப்புகள் அப்படியல்ல. பொட்டாசியம், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் மண்ணீரில் கொஞ்சமாகவும் வேருக்குள் அதிகமாகவும் இருக்கும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றுகிற மாதிரி, செடி தன் சக்தியைச் செலவழித்து உள்ளே இழுக்க வேண்டும். போதாததற்கு வேரின் உள்வட்டத்தில் மெழுகு பூசிய மதில் மாதிரி காஸ்பேரியன் பட்டை ஒன்று இருக்கிறது. செல்களுக்கு நடுவிலே நைசாகப் புகுந்து வந்ததெல்லாம் அங்கே நின்று, ஒரு செல்லின் சவ்வு வழியாகச் சோதனை முடித்துத்தான் உள்ளே போக முடியும். இந்தக் காவலுக்கும் சுமைக்கும் வேர் மூச்சு விட வேண்டும், மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும், அது மண்ணின் சந்துகளில் இருக்கும் காற்றிலிருந்து வருகிறது.

சந்துகளெல்லாம் தண்ணீரால் நிரம்பினால்? ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வேருக்கு மூச்சு முட்டுகிறது. சத்தை ஏற்றும் வேலை முதலில் நிற்கிறது, பிறகு தண்ணீர் நுழையும் கதவுகளும் மூடிக்கொள்கின்றன. மேலே இலை இழுத்துக்கொண்டே இருக்கிறது, கீழே வேர் கொடுப்பதில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு செடி தாகத்தில் வாடுகிறது. நான் பார்த்து ஏமாந்தது இந்த வாட்டத்தைத்தான்.

அப்படியானால் நெல்? நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழல்கள் இருக்கின்றன. மேலே இலை வாங்கும் காற்று அந்தக் குழல் வழியே சேற்றுக்குள் இருக்கும் வேர் நுனி வரைக்கும் இறங்குகிறது, ஆமை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்துகிற மாதிரி தன் காற்றைத் தானே எடுத்துக்கொண்டு போகிறது. இதைப் பார்க்க ஆசையிருந்தால் வயல் பக்கம் போகும்போது வளர்ந்த நெற்பயிர் ஒன்றைப் பிடுங்கிச் சேற்றைக் கழுவுங்கள். வேரில் துரு பிடித்த ஆணி மாதிரி செம்பழுப்புப் பூச்சு இருக்கும். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றிலிருக்கும் இரும்பைத் துருவாக்கிய அடையாளம் அது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பலேறி வந்து இந்தக் கீழ்ப் பர்மாச் சேற்றில்தான் இறங்கினார்கள், அவர்கள் கால் விரலால் தெரிந்து வைத்திருந்ததை நான் மாடியில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். டெல்டாக் கரையோரச் சதுப்பு மரங்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக வேரை நீட்டி மூச்சு விடுவதும் இதே தேவைக்காகத்தான்.

இன்லே ஏரியில் தக்காளி மிதக்கிறதே என்று கேட்பீர்கள். ஷான் மாநிலத்தில் அந்த ஏரிமேல் மிதக்கும் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செடி நேரே தண்ணீரில் நிற்பதில்லை. களைப்பாசியையும் ஏரிச் சேற்றையும் அடுக்கி மெத்தை மாதிரி செய்து, மூங்கில் கழி குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். மெத்தையின் மேல்பகுதி காற்றாட இருக்கும், அடிப்பகுதி ஈரம் தரும். நம் தொட்டியும் அப்படி இருந்தால் போதும்.

தொட்டியைத் தயார் செய்வது

ஓட்டை பெரிதாக இருக்கட்டும், சுண்டுவிரல் பருமனுக்கு ஆறேழு போடுங்கள். அடியில் ஜல்லி, ஓட்டாஞ்சில்லு எல்லாம் ஒரு சாண் நிரப்பினால் நீர் வடியும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மண் முழுக்க நனைந்து கனத்தால்தான் ஜல்லிக்குள் தண்ணீர் இறங்கும், அதுவரை ஜல்லிக்கு மேலே தேங்கி நிற்கும், ஆக ஈரச் சகதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஓட்டையை மண் அடைக்காமலிருக்க ஒரே ஒரு சில்லு அல்லது கொசுவலைத் துண்டு வைத்தால் போதும். மண்ணைத்தான் பொலபொலப்பாக்க வேண்டும். ரங்கூன் பக்கத்துச் செம்மண் நனைந்தால் களி, காய்ந்தால் செங்கல். நான் இப்போது ஒரு பங்கு மண், ஒரு பங்கு கருக்கிய உமி, ஒரு பங்கு மக்கிய மாட்டெரு கலக்கிறேன். உமிக்கு நம் ஊரில் பஞ்சமா? அரிசி ஆலைப் பக்கம் மூட்டையாகவே கிடைக்கும். எருவைச் சந்தையில் வீசைக் கணக்கில் வாங்கினாலும் கையில் எடுத்து மோந்து பாருங்கள், சாண வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம்.

தமிழ்நாட்டு மாடித்தோட்ட வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். சென்னையில் ஆண்டுக்குப் பெய்வது ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ரங்கூனில் சுமார் 2,700, ஏறத்தாழ எல்லாமே வைகாசியிலிருந்து ஐப்பசி தொடக்கத்துக்குள். அங்கே அவர்கள் ஆடியில் விதைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லும்போது இங்கே நமக்குத் தண்ணீரை வெளியேற்றுவதுதான் வேலை. மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை எடுத்துவிடுங்கள், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், வாரம் ஒருமுறை கம்பியால் ஓட்டையைக் குத்திப் பாருங்கள். மிளகாய், கறிவேப்பிலை, தக்காளி மூன்றையும் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். புளிச்சக்கீரையை, அதாவது சின்பவுங்கை, மழையில் விட்டாலும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்ளாது.

எப்போது ஊற்றுவது? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள், நுனியில் ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். தராசு இல்லாத ஹேல்ஸ் வழி ஒன்றும் உண்டு. ஊற்றி வடிந்த பிறகு தொட்டியைக் கொஞ்சம் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள், கனம் கைக்குப் பழகும். தினமும் காலையில் அதேபோலச் சாய்த்தால் எவ்வளவு குடித்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். ஊற்றும்போது அடி ஓட்டையில் வடிகிற வரைக்கும் ஊற்றுங்கள், தினமும் அரை டம்ளர் தெளிப்பதில் மேல்மண் மட்டும் நனைந்து வேரும் மேலேயே தங்கிவிடும்.

சத்து எப்படிப் போகிறது, எங்கே பார்ப்பது

செடிக்கு 17 தனிமங்கள் வேண்டும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலும் தண்ணீரிலும் கிடைத்துவிடுகின்றன, மீதி 14-ம் மண்ணிலிருந்து தண்ணீரில் கரைந்துதான் வர வேண்டும். கரையாத எதையும் வேர் தொடாது. அதனால் முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போட்டுவிட்டு நாளைக்கே சுண்ணாம்புச் சத்து ஏறும் என்று காத்திருக்காதீர்கள், அது மாதக்கணக்கான வேலை.

நைட்ரேட் தண்ணீரோடு தண்ணீராக ஓடும், வேருக்கும் சீக்கிரம் வரும், மழையில் அடித்துக்கொண்டும் போகும். யூரியாவும் மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிடும், ஆகவே அதை மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும். பாஸ்பரஸ் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நகரவே நகராது, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். மேலே தூவினால் மேலேயே கிடக்கும். நடும்போதே வேர் போகும் ஆழத்தில் மண்ணோடு கலந்துவிடுங்கள். வேரோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சை இழைகள் தூவி எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மண்ணை அடிக்கடி கிளறிக்கொண்டே இருந்தால் அந்த இழைகள் அறுந்துபோகும்.

எந்தச் சத்து குறைகிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்து சுலபமான வழி, மஞ்சள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கவனிப்பது. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. குறைந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் அடி இலை முதலில் வெளுக்கும். முழுதாக வெளுத்தால் பெரும்பாலும் நைட்ரஜன், நரம்பு பச்சையாக நிற்க நடுவில் மஞ்சளானால் மக்னீசியம், ஓரம் கருகினால் பொட்டாசியம். இரும்பும் கால்சியமும் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அசையாது, குறைவு தளிரில் தெரியும். கறிவேப்பிலைத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு போதவில்லை. ஆனால் கடையில் இரும்பு வாங்குமுன் வேர் தண்ணீரில் ஊறுகிறதா என்று பாருங்கள், பாதி நேரம் மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்கு எடுக்கத் திராணி இருக்காது.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் இதே வகைதான். கால்சியம் தண்ணீரோடு மட்டும் பயணம் செய்யும், தண்ணீர் ஆவியாகும் இடத்துக்கே போகும். இலைக்குப் போகும், வழவழவென்று தோல் மூடிய பழத்துக்குச் சரியாகப் போகாது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம்தான் முதலில் பட்டினி. சுண்ணாம்பு தேடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சீராக ஊற்றுங்கள்.

நான் போட்ட அந்த ஒரு கை யூரியா என்ன செய்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மண்ணீரில் உப்பு அதிகமானால் தண்ணீர் வேருக்குள் போவதற்குப் பதிலாக வேரிலிருந்து வெளியே வரும். நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்பைத் தூவினால் தட்டில் நீர் விடுகிறதே, அதே சங்கதி. மூச்சு முட்டிக்கொண்டிருந்த செடியிடமிருந்து இருந்த தண்ணீரையும் பிடுங்கிவிட்டேன். தொட்டிக்கு யூரியா போடத்தான் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், அதற்கு மேல் வேண்டாம். காய்ந்த மண்ணில் உரம் ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரத் தண்ணீர். கை தவறி அதிகமாகிவிட்டால் ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தொட்டி கொள்ளளவைப் போல மூன்று நாலு மடங்கு தண்ணீர் விட்டு அலசி வடியவிடுங்கள்.

கீழே இறங்கும் சரக்கு

மேலே ஏறுவது சைலம் என்றால் இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோவது ஃபுளோயம், அது பட்டையை ஒட்டி வெளிப்பக்கம் இருக்கிறது. இலைப் பக்கம் சர்க்கரை ஏறியதும் அங்கே தண்ணீர் வந்து அழுத்தம் கூடும், சர்க்கரை இறங்கும் இடத்தில் அழுத்தம் குறையும், அந்த வித்தியாசத்தில் ஓடுகிறது. 1930-ல் மியூன்ஷ் என்ற ஜெர்மானியர் சொன்ன விளக்கம் இது. பாகானிலிருந்து போப்பா மலைக்குப் போகும் வழியில் பனையேறிகள் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்களே, அந்தக் கலயத்தில் சொட்டும் பதநீர் இந்த ஃபுளோயம் சாறுதான், பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சர்க்கரையை நாம் வழியில் மறித்து வாங்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறோம். மிளகாய்ச் செடியில் எறும்பு வரிசை கட்டினால் பெரும்பாலும் அசுவினிப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அது ஃபுளோயத்தில் ஊசி குத்திக் குடித்து மிச்சத்தை இனிப்பாகக் கழிக்கிறது, எறும்பு அதற்கு வருகிறது. எறும்பு மருந்து போட்டுப் பயனில்லை, இலையைத் திருப்பிப் பார்த்து அசுவினியைத் தண்ணீரால் பீய்ச்சி அடியுங்கள்.

இதைப் பயன்படுத்தி ஒரு காரியம் செய்யலாம், எனக்கு ரொம்பப் பிடித்தது, காற்றுப் பதியம். கொய்யா அல்லது எலுமிச்சையில் விரல் பருமனுள்ள கிளையைப் பாருங்கள். மழை தொடங்கியதும் செய்வது நல்லது. ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம் மாதிரி உரித்துவிட்டு, உள்ளே வழுவழுப்பாக இருப்பதைக் கத்தி முதுகால் சுரண்டுங்கள், அது மிஞ்சினால் பட்டை திரும்ப மூடிக்கொள்ளும். நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரை அதைச் சுற்றி ஒரு கைப்பிடி வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு பக்கமும் இறுக்கக் கட்டுங்கள். கிளை வாடாது, ஏனென்றால் தண்ணீர்க் குழாய் உள்ளே கட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கீழே இறங்கும் சர்க்கரை மோதிரத்தின் மேல் விளிம்பில் வந்து முட்டி நிற்கும். சில நாளில் அங்கே தடிப்பாக வீங்கும், ஒன்று இரண்டு மாதத்தில் வெள்ளை வேர் தாளுக்குள் தெரியும். நன்றாக வேர் ஓடியதும் அதற்குக் கீழே அறுத்து நடுங்கள். செடியைக் குச்சியோடு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு மறந்துபோகிறவர்களும் தெரியாமல் இதே மோதிரத்தைத்தான் போடுகிறார்கள், அங்கே வேருக்குச் சாப்பாடு போகாமல் மெல்ல மெல்லச் சாகும். கட்டுவதானால் துணிக் கிழிசலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

இலைதான் இழுக்கிறது என்றேன், வேர் தள்ளுவதே இல்லையா என்று யாராவது கேட்கலாம். கொஞ்சம் தள்ளும். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போது வேர் உப்பை ஏற்றிக்கொண்டே இருந்தால் பின்னால் தண்ணீரும் நுழைந்து அழுத்தம் சேரும். மழைக்கால விடியற்காலையில் சேம்பு இலை நுனியில் தொங்கும் சொட்டு பல நேரம் பனியே கிடையாது, செடி உள்ளிருந்து வெளியேற்றியது. உயர மரத்துக்கு இந்தத் தள்ளல் காணாது, குட்டைச் செடிக்குப் பரவாயில்லை. தார் வெட்டிய வாழை பக்கத்தில் இருந்தால் இன்றைக்குச் சாயங்காலமே பாருங்கள். மரத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, கட்டையின் நடுவில் டம்ளர் அளவுக்குக் குழி தோண்டி, மழைத்தண்ணீர் விழாமல் இலையால் மூடிக் கட்டிவிட்டு வாருங்கள். காலையில் இலையைத் தூக்கினால் குழியில் தண்ணீர் ஊறியிருக்கும்.